ஒற்றை ஆளுக்குத் தெரியாத காடு

காட்டைப் பார்க்கத் தனியாகத்தான் போக வேண்டும் என்ற கருத்து இன்று யாரும் கேள்வி கேட்காத உண்மையாக நடமாடுகிறது. கூட்டத்தோடு போகிறவர் சுற்றுலாப் பயணி, வழிகாட்டியோடு போகிறவர் கத்துக்குட்டி, துணையின்றி ஒற்றையாக நுழைகிறவர்தான் காட்டை அறிந்தவர் என்று ஒரு தரவரிசையே உண்டாகிவிட்டது. ஒரு முதுகுப்பை, ஒரு கேமரா, கைப்பேசியில் ஒரு வரைபடம் இருந்தால் போதும், ஆனைமலையின் மழைக்காட்டுக்குள் இறங்கிச் சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் யானையையும் தானே தேடிக் கண்டுகொள்ளலாம் என்று காணொளிகள் சொல்லித்தருகின்றன. இளைஞர்கள் பலர் இதை மனதார நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். மழைக்காட்டில் ஒரு விலங்கு மனிதக் கண்ணில் படுவது எப்படி நிகழ்கிறது என்று தெரியாததால் வந்த நம்பிக்கை இது. இதன் விலையைப் போகிறவர் மட்டும் கொடுப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுவோம். பத்துப் பேர் போனால் பத்து வாய் பேசும், இருபது கால் சருகை மிதிக்கும், விலங்குகள் ஒதுங்கிவிடும். ஒருவர் போனால் சத்தம் குறைவு, ஆகவே காட்சி அதிகம். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்ப்பவர். ஒரு மரத்தடியில் அரைநாள் உட்கார விடமாட்டார். பெரிய இயற்கையியலாளர்கள் எல்லோரும் தனியாகத்தான் காட்டில் அலைந்தார்கள். ஆபத்து இருக்கலாம், ஆனால் அது போகிறவரின் உயிர், போகிறவரின் முடிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, தனிமையில்தான் மனம் கூர்மையடைகிறது. இவற்றில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வார இறுதியில் வால்பாறைச் சாலையில் வண்டியை நிறுத்திப் பாட்டை அலறவிடுகிறவர்களையும், புதுத்தோட்டம் அருகே சாலைக்கு இறங்கிவரும் சிங்கவால் குரங்குகளுக்கு பிஸ்கட் நீட்டுகிறவர்களையும் பார்த்தால் எவருக்கும் கூட்டத்தின் மீது வெறுப்பு வரும். அந்த வெறுப்பு நியாயமானது. அதிலிருந்து 'ஆகவே தனியாகப் போ' என்ற முடிவுக்குத் தாவுவதுதான் நியாயமில்லாதது. காட்டைத் தெரிந்த ஒருவரின் பின்னால் இரண்டு பேரோ மூன்று பேரோ வாய்மூடி நடப்பதும் கூட்டத்துக்கு மாற்றுத்தான். அந்த வழியைக் கணக்கிலேயே எடுக்காமல் கூட்டம், தனிமை என்ற இரண்டை மட்டும் எதிரெதிரே நிறுத்துவதில்தான் இந்தக் கருத்தின் முதல் பிழை தொடங்குகிறது.

இரண்டு வெவ்வேறு காரியங்களை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. தனியாகப் பயணம் போவது வேறு, தனியாகக் காட்டுக்குள் நுழைவது வேறு. பொள்ளாச்சியில் பேருந்து ஏறி, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வால்பாறையில் இறங்கி, ஓர் அறை எடுத்துத் தங்கி, இஷ்டப்பட்ட நாள் இருந்து திரும்புவதற்கு யாருடைய துணையும் தேவையில்லை. ஒரு பெண் அப்படிப் போனாலும் கேள்வி கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. 'தனியாகப் போகாதே' என்ற சொல்லைச் சிறுவயது முதல் அதட்டலாகவே கேட்டு வளர்ந்த பெண்களுக்கு என் வாதமும் அந்த அதட்டலின் இன்னொரு வடிவமாகத் தோன்றலாம் என்பதை அறிவேன். அது வேறு. வழிகாட்டி காவலுக்கு வருகிற ஆள் இல்லை. தெரியாத மொழியில் எழுதிய ஒன்றை வாசித்துக் காட்ட வருகிறவர். ஆணுக்கும் அந்த மொழி தெரியாது. நான் மறுப்பது மரநிழலுக்குள் கால் வைத்த பிறகான தனிமையை மட்டுமே.

1. தனியாகப் போனால் அதிகம் பார்க்கலாம் என்கிறார்களே, எதை வைத்து? திறந்த புல்வெளியில் எடுத்த படங்களை வைத்து. ஆப்பிரிக்கச் சமவெளியில் ஒரு கிலோமீட்டர் தூரத்து யானை தெரியும். மழைக்காட்டில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் பச்சைச் சுவர். மர உச்சிகள் 30, 40 மீட்டர் உயரத்தில் கூரை வேய்ந்திருக்கின்றன. மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்துசேர்கிறது. பழமும் தளிரும் பூச்சியும் பெரும்பாலும் அந்தக் கூரையில் இருப்பதால் அவற்றைத் தின்பவையும் அங்கேதான் குடியிருக்கின்றன. சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், இருவாச்சி எல்லாம் மாடிவாசிகள். கீழே நிற்பவருக்குக் கிடைப்பது ஓர் இலையசைவு, கடித்துப் போட்ட ஒரு பழம், எங்கிருந்தோ ஒரு குரல். தரையில் வாழும் சருகுமானோ முயல் அளவே இருக்கும், அசையாமல் நின்றால் சருகோடு சருகு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பழுப்பு மரநாய் இரவில்தான் வெளியே வரும். பகல் முழுவதும் மரப்பொந்திலோ கொடிப்பின்னலிலோ அணில் கூட்டிலோ சுருண்டு தூங்கும். ஆண்டுக்கணக்கில் காட்டிலேயே கிடக்கும் ஆய்வாளர்கள்கூட இத்தகைய விலங்குகளின் கணக்கெடுப்புக்குத் தானியங்கிக் கேமராவை நம்புவது ஏன் என்று யோசித்தாலே போதும். மழைக்காட்டில் உயிர்கள் ஏராளம், ஆனால் கண்ணெதிரே வருபவை சொற்பம். பார்வை என்பது அங்கே எதை, எந்த நேரத்தில், எங்கே தேடுவது என்ற அறிவின் விளைவு. அந்த அறிவு பையில் வராது.

தவளைவாயன் என்ற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. பகலில் ஆணும் பெண்ணும் ஒரே சிறுகிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, அகன்ற அலகை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டால் கொடியில் சிக்கிய இரண்டு காய்ந்த இலைகள், அவ்வளவுதான். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று செம்பழுப்பு. ஆள் கையெட்டும் தூரத்துக்கு வந்தாலும் அவை அசைவதில்லை. அசையாமலிருப்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. கேரளத்தின் தட்டேக்காட்டுக்கு உலகெங்குமிருந்து பறவை பார்ப்பவர்கள் வருகிறார்கள், விலையுயர்ந்த தொலைநோக்கியோடு, பல கண்டங்களில் பார்த்துத் தேர்ந்த கண்ணோடு. தவளைவாயனை அவர்களுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தச் சோடி நேற்று எந்தக் கிளையில் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். தனியாகப் போகிறவர் ஒரே பாதையில் பத்துமுறை அதைத் தாண்டி நடந்திருப்பார். தான் எதைப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தனிப்பயணத்தின் நிறைவு பற்றிய பேச்சுகள் பலவும் இந்தத் தெரியாமையில்தான் நிற்கின்றன.

தனிப் பார்வை போதாது என்பதற்குக் காட்டுப் பறவைகளே இன்னொரு சான்று. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரைதேடும் கலப்புக் கூட்டங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 40 பறவைகள், 11 இனங்கள். கரிச்சான் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். இலையைக் கிளறும் சிலம்பன்கள் பூச்சிகளை எழுப்பிவிடும். மற்றவை அந்த நடமாட்டத்தில் பங்கு பெறும். எதிரே உள்ளது தெரியாத அடர்த்தியில் ஒரு சோடிக் கண் போதாது என்ற நிலைக்கு அந்தப் பறவைகள் கண்ட வழி அது. புலியும் சிறுத்தையும் தனியாகத் திரிகின்றனவே என்று கேட்கலாம். திரிகின்றன. அவை அந்தக் காட்டில் பிறந்தவை, அங்கே தாயின் பின்னால் இரண்டு ஆண்டு நடந்து கற்றவை. வார இறுதிக்கு வருகிறவர் அந்த ஒப்பீட்டுக்குள் வர மாட்டார்.

2. அமைதியாகப் போனால் ஆபத்து குறையும் என்பது இந்தக் கருத்தின் மிகக் கொடிய பிழை. மான் விலகாமல் நிற்க அமைதி உதவும். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் கரடிக்கும் அதே அமைதிதான் எதிர்பாராத மோதலைக் கொண்டுவருகிறது. இவை பொதுவாக மனிதரைத் தேடிவந்து தாக்குவதில்லை. ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் விலகிக்கொள்ளும், இல்லையேல் நின்று எச்சரிக்கும். திடீரென்று பத்தடியில் ஓர் உருவம் முளைத்தால் விலக இடமில்லை, நேரமில்லை. வால்பாறைப் பீடபூமியில் யானை தாக்கி நேர்ந்த சாவுகளைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் கண்டது இதைத்தான்: இறந்தவர்களில் பெரும்பாலோர் யானை அங்கே இருப்பதே தெரியாமல் எதிரே போய் நின்றவர்கள். அந்தக் கண்டறிதலிலிருந்துதான் அங்கே எச்சரிக்கை முறை பிறந்தது. யானை எந்தத் தோட்டத்துப் பக்கம் நிற்கிறது என்பது கைப்பேசிக் குறுஞ்செய்தியாக வருகிறது, உள்ளூர்த் தொலைக்காட்சியில் எழுத்தாக ஓடுகிறது; உயரக் கம்பங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வேறு வழியில் வீடு திரும்புகிறார்கள். இந்த முறைக்காக 2015இல் அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. தலைமுறைகளாக யானையோடு வாழும் தோட்டத் தொழிலாளர்களே துணையும் தகவலும் இல்லாமல் நடக்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட ஊர் அது. அங்கே வெளியூர்க்காரர் ஒருவர், சிக்னல் இல்லாத பள்ளத்தில், ஓசைபடாமல் நடப்பதைத் தகுதியாகக் கருதுகிறார்.

யானை இருப்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? கண்ணால் தெரிந்துகொள்வது கடைசியில். அதற்குமுன் மூக்குக்குத் தெரியும், காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். இலத்தியின் மேல்தோல் காய்ந்திருக்கிறதா, உள்ளே விரல் வைத்தால் சூடு இருக்கிறதா. ஒடிந்த ஈட்டா மூங்கிலின் சாறு இன்னும் ஈரமா. சேற்றில் பதிந்த தடத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டதா, கலங்கியே நிற்கிறதா. கலங்கிய தண்ணீர் என்றால் கால் எடுத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கிறது. முன்னால் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் சட்டென்று நின்று கையைப் பின்னால் நீட்டினால், பின்னால் வருபவர் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். இந்தக் குறிப்புகளைப் புத்தகத்தில் படிக்கலாம். நடந்துகொண்டே, மழைத்தூறலில், காலில் ஏறும் அட்டையைத் தட்டிக்கொண்டே, இரண்டு நொடியில் படிப்பதற்கு வாழ்நாள் பழக்கம் வேண்டும்.

பாம்புக்கடி பற்றியும் ஒரு சொல். நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகச் செய்யப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் சருகுக்குள் கிடக்கும் கூன்மூக்குக் குழிவிரியனின் கடிக்கு அது வேலை செய்யாது. கடிபட்டவரை ஓடவிடாமல், பதறவிடாமல், சாலைவரை தூக்கிக்கொண்டு போகும் இன்னொரு சோடிக் கைகள்தான் அங்கே முதல் சிகிச்சை.

3. மாபெரும் இயற்கையியலாளர்கள் தனியாகத்தானே போனார்கள் என்பவர்கள் அட்டைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தின் மழைக்காடுகளில் அலைந்து ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர் மாதிரிகளைச் சேர்த்தார். தனிமனித சாதனைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை என்று தோன்றும். சரவாக்கில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞரை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை மறுபடி பாருங்கள். முதலில் சமையலுக்கு வந்தவர். பிறகு பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, தீவு தீவாக உடன் போனார். 1858இல் பாச்சான் தீவில், அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையை வேட்டையாடிக் கொண்டுவந்து வாலஸிடம் காட்டியவர் அலிதான். பறவைக்குச் சூட்டப்பட்டது வாலஸின் பெயர். காட்டில் அதைக் கண்ட கண் அலியுடையது. அவர் பெயர் அட்டையில் இல்லாததால் வாலஸ் தனியாக இருந்தார் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அலியைத் தன் நூலில் பாராட்டி எழுதும் நேர்மை வாலஸுக்கு இருந்தது. நம்மிடம்தான் அந்த நினைவு இல்லை. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான வேட்டைக்கதை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனை எடுத்தாலும் இதே கதைதான். அவர் திரிந்தவை மழைக்காடுகள் இல்லை, வறண்ட காடுகள். அங்கேயும் பூசாரிப் பழங்குடியைச் சேர்ந்த பைரா இல்லாமல் அவர் கதைகள் பாதி நடந்திருக்காது. கூட வந்தவர் உள்ளூர்க்காரர் என்பதால் அவரை ஆளாகவே எண்ணாமல் விட்டதன் பெயர்தான் அந்தக் காலத்துத் தனிமை. இன்று தனிமையைக் கொண்டாடுகிறவர்கள் யாரையும் அவமதிக்க நினைப்பவர்கள் இல்லை. ஆயினும் அதே அழிப்பைத் தெரியாமல் தொடர்கிறார்கள்.

காட்டில் ஒற்றையாய் மாட்டிப் பிழைத்தவர்களின் கதைகளும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. 1971 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பெரு நாட்டு மழைக்காட்டின் மேல் விமானம் சிதறி விழுந்தபோது, 17 வயது யூலியானே கோப்கே மட்டும் உயிர்பிழைத்து 11 நாள் காட்டில் நடந்தார். அவர் பிழைத்தது தனிமையின் வலிமையாலா? அவருடைய பெற்றோர் விலங்கியலாளர்கள். அமேசான் காட்டுக்குள்ளேயே அவர்கள் நடத்திய ஆய்வு நிலையத்தில் அவர் வாழ்ந்திருந்தார். ஓடையைக் கண்டால் அதன் போக்கிலேயே நட, அது ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார்கள் என்பது தந்தை சொல்லித்தந்த பாடம். அந்தப் பாடம் அவரோடு நடந்தது. கடைசியில் அவரைக் காப்பாற்றியவர்களும் காட்டில் வேலை செய்த மனிதர்களே.

4. என் உயிர், என் முடிவு என்பதாவது சரியா? காட்டுக்குள் அப்படி ஒரு தனிச்சொத்து இல்லை. காணாமல் போனவரைத் தேடி இரவில் டார்ச் விளக்கோடு போகிறவர்கள் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களுக்கும் யானை யானைதான். ஒரு சாவு நிகழ்ந்தால் அந்த விலங்கின் மேல் பழி விழுகிறது. ஆட்கொல்லி என்று பெயர் சூட்டி, பிடி, கொண்டுபோ என்ற குரல் எழுகிறது. தன் வீட்டுக்குள் நின்றிருந்த யானை வாழ்நாள் முழுவதும் முகாமில் அடைபடலாம். அடுத்து, பாதை எல்லோருக்கும் மூடப்படும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு தமிழகத்தில் மலையேற்றமே நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் குழுவாகப் போனவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மை, எண்ணிக்கை யாரையும் காப்பாற்றாது. கோடைக்காலத்துப் புல்சரிவில் எந்த நாளில் ஏறக் கூடாது, தீ எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்த மலைக்குத் தெரிந்த அறிவு; அந்த அறிவு முன்னால் நடக்காவிட்டால் முப்பது பேரும் ஒருவர் போலத்தான். நான் துணை என்று சொல்வது தலைக்கணக்கை அல்ல.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. தனியாகப் புகுந்து எடுத்த பல காணொளிகள் இந்தக் கோட்டைத் தாண்டி எடுக்கப்பட்டவை. பார்ப்பவர்களுக்கு அது சொல்லப்படுவதில்லை.

5. வழிகாட்டி என்பது வெறும் வியாபாரமா? இந்தக் குற்றச்சாட்டுத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள். காடர் என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. அதே மலைத்தொடரின் கேரளப் பக்கம், வாழச்சாலில், இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்கள் காடர்கள். ஒருகாலத்தில் அந்தக் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்தவர்களும் அவர்களே. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்ற அறிவு அப்படி வந்தது, இன்று அதே அறிவு காவலாகியிருக்கிறது. பெண் இருவாச்சி பெருமரப் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு உள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கிறது. ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பிவந்து, கிளையில் அமர்ந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தக் கீற்றில் ஊட்டுகிறது. கூட்டுமரத்தடியில் எச்சமும் துப்பிய விதைகளும் குவிந்து, அவற்றில் சில முளைத்தும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மேலே குடும்பம் நடப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். இப்போது தனியாக வந்த ஆர்வலர் ஒருவர் தற்செயலாக அந்த மரத்தைக் கண்டுவிட்டார் என்று வையுங்கள். படம் எடுக்க வெட்டவெளியில் நின்றுகொள்கிறார். ஆண் பறவை தூரத்து மரத்தில் வந்து அமர்கிறது, ஆளைப் பார்க்கிறது, ஊட்டாமல் காத்திருக்கிறது, திரும்பிப் போகிறது. உள்ளே பசி. அவருக்கோ தான் கெடுத்தது எதுவென்றே தெரியாது. எங்கே ஒதுங்கி உட்கார வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது எழுந்துவிட வேண்டும் என்று சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால் பறவையும் பிழைத்திருக்கும், படமும் கிடைத்திருக்கும்.

கூலி என்பதையும் கொச்சைப்படுத்தக் கூடாது. தேக்கடியின் பெரியாறு காப்பகத்தில் வயணா மரத்தின் பட்டையைத் திருடியும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள் 1990களின் இறுதியிலிருந்து வழிகாட்டிகளாக மாறினார்கள். திருட்டுப் பாதைகளை அறிந்தவர்களே இன்று அவற்றில் பயணிகளை நடத்திப்போய்க் காட்டையும் காவல் காக்கிறார்கள். அங்கே பயணி கொடுக்கும் பணம் நேரடியாக மரத்தையும் மிளாவையும் காப்பாற்றுகிறது. உகாண்டாவின் பிவிண்டி மழைக்காட்டில் மலைக் கொரில்லாவைப் பார்க்க எத்தனை பணம் வைத்திருந்தாலும் தனியாக நுழைய முடியாது. ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம். முந்தின இரவு அவை படுத்த இலைப்படுக்கையைத் தேடிக் காலையிலேயே தடம்பார்ப்பவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். அருகிவந்த அந்த இனத்தின் மொத்த எண்ணிக்கை 2018இல் வெளியான கணக்கின்படி ஆயிரத்தைத் தாண்டியதற்கு இந்தக் கட்டுப்பாடும் அதில் வந்த வருமானமும் முக்கியக் காரணங்கள். தனியாகப் போகிறவர் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறார். காட்டுக்கு எதையும் கொடுக்காமல் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டும் செய்கிறார் என்றும் இதைச் சொல்லலாம்.

மோசமான வழிகாட்டிகள் இல்லையா? இருக்கிறார்கள். கூட்டுக்குக் கிட்டே கூட்டிப்போகிறவர்கள், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிறவர்கள், கிடைக்கும் பணத்துக்காக விலங்கை விரட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. இதை மறைத்து வாதாடினால் என் பக்கம்தான் பலவீனமாகும். மோசமான மருத்துவர் இருக்கிறார் என்பதால் தனக்குத்தானே அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதில்லை. பயிற்சி, முறையான சம்பளம், தவறு செய்தால் நீக்கம், பயணியே புகார் சொல்லும் வழி ஆகியவைதான் இதற்குத் தீர்வு. குரலை ஒலிக்கவிட வேண்டாம் என்று பயணி ஒருவர் சொன்னாலே பல வழிகாட்டிகள் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் அதைச் செய்வதே நாம் கேட்பதால்தான்.

6. மனத்தின் தனிமை? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்கு மழைக்காடு தேவையில்லை. தன்னைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர் காட்டைப் பின்னணிப் படுதாவாக்கிவிடுகிறார். பயத்தோடு தனியாக நடப்பவரின் கவனம் தன் மூச்சிலும் தன் கால்வைப்பிலும் தன் துணிச்சலிலும் இருக்கிறது. பாதை தெரிந்தவர் முன்னால் போகும்போது அந்தச் சுமை இறங்கி, கண் மேலே போகிறது. பேசாமல் நடக்கும் இரண்டு பேருக்கு நடுவே உள்ள மௌனம், ஒருவரின் மௌனத்தைவிடக் குறைந்ததல்ல. மலையணில் திடீரென்று அடுக்கடுக்காகக் கத்தினால் பக்கத்தில் இருப்பவர் ஒரு விரலை உயர்த்துவார். அது கழுகைப் பார்த்த குரலா, கீழே சிறுத்தையைப் பார்த்த குரலா என்று அவர் முகத்தில் தெரியும். அந்தச் செய்தி கிடைத்த பிறகு வரும் அமைதி வேறு மாதிரியானது.

தனிப்பயணிகளுக்கு நியாயமான ஒரே ஒரு மனக்குறை இருக்கிறது, அதைத் தீர்க்க வேண்டியது மறுபக்கம். பல இடங்களில் காட்டு நடைக்கான கட்டணம் குழுவுக்கென்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒற்றை ஆள் வந்தால் ஐந்து பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். தனியாகப் புகுந்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு அந்த நுழைவாயிலில்தான் பிறக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவோடும் மலைக்கிராமத்து வழிகாட்டிகளோடும் திறந்திருப்பது நல்ல தொடக்கம். அது ஏறி இறங்குகிறவர்களுக்கானது. விலங்கும் பறவையும் பார்க்க வருகிறவருக்கு வேண்டியது தூரமில்லை, நேரம். ஒற்றையாக வருகிறவர்களைக் காலை ஆறு மணிக்கு மூன்று பேராகச் சேர்த்து ஒரு காடரோடோ மலசரோடோ அனுப்பலாம். நடக்காமல் ஒரே அத்திமரத்தடியில் நான்கு மணி நேரம் உட்கார விரும்புகிறவருக்கென்று ஒரு கட்டணம் வைக்கலாம். அத்தி பழுத்த வாரத்தில் இருவாச்சியும் மலையணிலும் சிங்கவால் குரங்கும் ஒரே காலையில் அந்த ஒரு மரத்துக்கே வந்துபோகக்கூடும். எந்த மரம் எந்த வாரம் பழுக்கிறது என்று தெரிந்தவர் அந்த ஊரிலேயே இருக்கிறார், அவருக்கு அந்த நாலு மணி நேரத்துக்கான கூலி வேண்டும்.